பச்சை விளக்கு எப்போது எரியலாம்: வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கு ஒரு விபிஎன் செயலி

விபிஎன் என்பது வீட்டுக் கணினியை அலுவலக வலையமைப்போடு மறைகுறியிட்ட ஒரு சுரங்கம் வழியாக இணைப்பது. அதற்கான திறந்த மூல நெறிமுறைகளில் ஒன்றான வயர்கார்டை வைத்து ஒரு டெஸ்க்டொப் செயலி எழுதுவது இன்று பெரிய வேலை இல்லை. 2020 மார்ச்சில் லினக்ஸ் கேர்னல் 5.6 உடன் அது சேர்ந்துவிட்டது. விண்டோஸுக்கும் அப்பிளின் மக் கணினிக்கும் தேவையான துண்டுகள் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. ஒரு சாளரம், ஒரு பொத்தான், பின்னால் ஓடும் ஒரு சேர்விஸ், அவ்வளவுதான். கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கோண்டாவிலில் இருந்து கொழும்பு அலுவலகத்துக்கோ லண்டன் கம்பனிக்கோ வேலை செய்பவருக்கு மறைகுறிச் சாவியும் போர்ட் இலக்கமும் தெரியவேண்டியதில்லை. இப்போது வேலை செய்கிறதா, இல்லையென்றால் பிழை ரவுட்டரிலா, சிம்மிலா, அலுவலகத்திலா என்பதை மட்டும் செயலி உண்மையாகச் சொல்ல வேண்டும்.

வயர்கார்டில் 'இணைந்துவிட்டது' என்று ஒரு நிலையே கிடையாது. சாவி பிழையாக இருந்தாலும், சேர்வர் நின்றுபோயிருந்தாலும், கணினியில் சுரங்கத்தின் வாசலாக இருக்கும் இன்டர்ஃபேஸ் எழும்பிவிடும். அதைப் பார்த்துப் பச்சை போடும் செயலிகள் கனக்க. பார்க்க வேண்டியது கடைசி ஹேண்ட்ஷேக், அதாவது இரு முனையும் ஒன்றையொன்று உறுதிசெய்து புதிய சாவி அமைத்துக்கொள்வது, எப்போது நடந்தது என்பதை. தரவு ஓடும்வரை 120 செக்கனுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். 180 செக்கன் தாண்டினால் பழைய சாவி செல்லாது. ஆகவே இணைப்பை உயிரோடு வைக்க அனுப்பும் சிறு தரவுப் பொதியான (பக்கெற்) கீப்-அலைவை 25 செக்கனில் வைத்து, ஹேண்ட்ஷேக்கின் வயது 180ஐத் தாண்டினால் பச்சையை அணைத்துவிடலாம். ஆனால் வீடியோ கோலில் இருப்பவருக்கு மூன்று நிமிடம் நீண்ட நேரம். அனுப்பிய பைட் ஏறிக்கொண்டே போய், வந்த பைட் 15 செக்கன் அசையாமல் நின்றால் அப்போதே மஞ்சளுக்கு மாற்றுங்கள். வயர்கார்டும் அதே 15 செக்கனில்தான் சந்தேகப்பட்டுப் புதிய ஹேண்ட்ஷேக் கேட்கிறது.

காரணத்தைப் பிரித்தறிவது அடுத்தது. பிழையான சாவியோடு வருபவருக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது. அதன் வடிவமைப்பே அப்படி. அதனால் சேர்வர் செத்துப்போனதும், வயர்கார்ட் பாவிக்கும் யுடிபி போக்குவரத்து தடுக்கப்பட்டதும், சாவி பிழைத்ததும் வெளியே இருந்து பார்த்தால் ஒரேமாதிரித்தான் தெரியும். அதே இயந்திரத்தில் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான வலைப்பக்க முறை) வழியாக ஒரு வரி பதில் தரும் சிறு பக்கம் ஒன்றை வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பக்கம் திறந்து ஹேண்ட்ஷேக் வரவில்லையென்றால் யுடிபி, சாவி, மணிக்கூடு இவற்றில் ஒன்றுதான் பிழை. திரையில் வரவேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்: "இன்ரநெற் இருக்கிறது. அலுவலக சேர்வரும் இயங்குகிறது. இந்த வைஃபை விபிஎன்னைத் தடுக்கலாம். போன் ஹொட்ஸ்பொட்டில் ஒருக்கா முயன்று பாருங்கள்." பிழை இலக்கத்தைக் கீழே சின்ன எழுத்தில் போட்டால் போதும்.

2022 இல் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, பைபர் நின்றதும் போன் ஹொட்ஸ்பொட்டுக்குத் தாவுவது இங்கே எல்லோருக்கும் பழகிவிட்டது. இந்தத் தாவலுக்கு வயர்கார்ட் நன்றாகவே பொருந்தும். புதிய முகவரியிலிருந்து செல்லுபடியான ஒரு பக்கெற் வந்தாலே சேர்வர் அந்தப் பக்கம் திரும்பிவிடும். சுரங்கத்துக்குள் உள்ள ஐபி முகவரி மாறாததால் ரிமோட் டெஸ்க்டொப் விட்ட இடத்திலிருந்தே தொடரும். கெடுப்பது பெரும்பாலும் செயலிதான். வைஃபை விழுந்ததும் சுரங்க இன்டர்ஃபேஸையே கழற்றிவிட்டு, பிறகு புதிதாகப் பூட்டுகிறது. அதில் திறந்திருந்த எல்லா இணைப்பும் அறுந்துபோகும். இன்டர்ஃபேஸை அப்படியே விட்டுவிடுங்கள். மாற்ற வேண்டியது சேர்வருக்குப் போகும் பாதையை மட்டும். எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் விடும் அமைப்பில், சேர்வர் முகவரிக்கான தனிப்பாதை பழைய ரவுட்டரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஹொட்ஸ்பொட் வந்தும் ஒன்றும் நகராது. விண்டோஸ் பாதை மாறும்போது அறிவிப்புத் தரும். அதைக் கேட்டு உடனே திருத்த வேண்டும். சேர்வரின் பெயரையும் அந்த நேரத்தில் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் மறுபடி கேளுங்கள், ஏனென்றால் வயர்கார்ட் தொடக்கத்தில் ஒருமுறை கேட்பதோடு சரி.

மொபைல் வலையமைப்புக்கு மாறும்போது வரும் இன்னொரு தொல்லை எம்டியு, அதாவது ஒரு பக்கெற்றின் அதிகபட்ச அளவு. பிங் போகும், லொகின் ஆகும், பெரிய பக்கமோ பைலோ திறக்கும்போது மட்டும் அப்படியே உறைந்து நிற்கும். வயர்கார்ட் ஒவ்வொரு பக்கெற்றிலும் ஐபிவி4 இல் 60 பைட்டும் ஐபிவி6 இல் 80 பைட்டும் கூட்டுகிறது. வலையமைப்பின் வழக்கமான 1500 பைட்டில் 80ஐக் கழித்த 1420 தான் வழமையான அளவு. வழியில் அதைவிட ஒடுங்கிய இடம் ஒன்று இருந்து, 'பெரிதாக இருக்கிறது' என்று வலையமைப்பு திருப்பி அனுப்பும் ஐசிஎம்பி பிழைச் செய்தியையும் யாரோ தடுத்துவிட்டால், பெரிய பக்கெற்றுகள் சத்தமில்லாமல் தொலையும். இதற்காகப் பாவிப்பவரை செற்றிங்ஸுக்குள் அனுப்பக்கூடாது. இணைந்ததும் செயலியே 1420 அளவில், துண்டாக்கவேண்டாம் என்ற குறியோடு, சுரங்கத்தின் மறுமுனைக்கு ஒரு சோதனை பக்கெற் விடட்டும். பதில் இல்லையென்றால் 1280க்கு இறங்கட்டும். வேகத்தில் இழப்பது மிகக் குறைவு. வலையமைப்பு மாறும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

டேட்டாவைப் பற்றி இங்கே கட்டாயம் கேட்பார்கள். 25 செக்கன் கீப்-அலைவ் ஒவ்வொன்றும் 60 பைட். நாள் முழுக்க 3456 தடவை போனாலும் 207 கேபி அளவுதான். ஹேண்ட்ஷேக்கையும் சேர்த்தால் அரை எம்பிக்குள் அடங்கும். உண்மையில் காசு போவது வேறு இடத்தில். ஸூம், டீம்ஸ் மாதிரிக் குறித்த செயலிகளுக்கென்று வாங்கும் பக்கேஜ், விபிஎன்னுக்குள் போனால் பயன்படாது. சுரங்கத்துக்குள் இருப்பது எந்தச் செயலி என்று மொபைல் கம்பனிக்குத் தெரியாது, அதனால் பொது டேட்டாவில் கழியும். அலுவலகம் சம்மதித்தால் அலுவலக முகவரிகளை மட்டும் சுரங்கத்துக்குள் விடும் முறையே இங்கே நல்லது.

அப்படிப் பிரிக்கும்போது முகவரி மோதலைக் கவனியுங்கள். வீட்டு ரவுட்டரின் முகவரித் தொகுதியும் 192.168.1, அலுவலகத்தினதும் 192.168.1 என்றால் வீட்டுப் பிரின்டர் எட்டாமல் போகும், அல்லது அலுவலக பைல் சேர்வர் எட்டாமல் போகும். இணையும் முன்னரே செயலி ஒப்பிட்டுப் பார்த்து, மோதினால் தேவையான அலுவலக இயந்திரங்களுக்கு மட்டும் /32 பாதை, அதாவது ஒற்றை முகவரிக்கான பாதை, போடலாம். நிரந்தர வைத்தியம் அலுவலகப் பக்கம் 10இல் தொடங்கும், யாரும் வழமையாக எடுக்காத ஒரு தொகுதிக்கு மாறுவதுதான்.

சாவிச் சோடியைச் செயலி பாவிப்பவரின் லப்டொப்பிலேயே உருவாக்கி, இரகசியமான தனிச்சாவியை உள்ளேயே வைத்து, பொதுச்சாவியை மட்டும் வெளியே அனுப்ப வேண்டும். தனிச்சாவியும் அடங்கிய முழு கொன்ஃபிக் (அமைப்பு) பைலையும் வட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை, ஒரே பைல் லப்டொப்பிலும் டெஸ்க்டொப்பிலும் ஏறும். சேர்வர் கடைசியாகக் கதைத்தவர் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க, இரண்டுமே விட்டுவிட்டு வேலை செய்யும். 'இன்ரநெற் சரியில்லை' என்று வரும் முறைப்பாடுகளில் இதையும் ஒருக்கா பாருங்கள். விண்டோஸில் நிர்வாகி அனுமதி நிறுவும்போது மட்டும் போதும். சாளரம் சாதாரண உரிமையோடு ஓடி சேர்விஸிடம் கேட்கட்டும். ஆனால் சாளரம் தரும் கொன்ஃபிக்கில் உள்ள ஸ்கிரிப்டை சேர்விஸ் ஓட்டவே கூடாது. ஓட்டினால் யாரும் முழு உரிமை எடுத்துவிடலாம்.

கண்டுபிடிக்கக் கடினமானது மணிக்கூடு. ஹேண்ட்ஷேக் ஒவ்வொன்றிலும் நேரக்குறி உண்டு. முன்பு கண்டதைவிடப் பழைய நேரத்தோடு வந்தால் சேர்வர் பேசாமல் எறிந்துவிடும். பழைய டெஸ்க்டொப்பில் மணிக்கூட்டை ஓட்டும் சிஆர்2032 பற்றரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் திகதி பல வருடம் பின்னே போகும். விபிஎன் இல்லாதபோது இணையத்தைத் தடுக்கும் கில் சுவிட்ச் எல்லாவற்றையும் அடைத்திருந்தால் நேரத்தைத் திருத்தவும் வழியில்லை. சேர்வரை மறுதொடக்கம் செய்தால் பழைய நேரக்குறி மறந்துபோய்த் திடீரென்று இணையும். அதைப் பார்த்து சேர்வரில்தான் பிழை என்று முடிவெடுப்பார்கள். நேரம் கேட்கும் முறையான என்டிபி பாவிக்கும் யுடிபி போர்ட் 123ஐயும், என்டிபி சேர்வரின் பெயரைக் கேட்கும் டிஎன்எஸ்ஸையும் கில் சுவிட்ச் தடுக்கக்கூடாது. இணையும் முன் நேரத்தை என்டிபியில் ஒப்பிட்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் விலகினால் "கணினியின் திகதி பிழை" என்று நேரடியாகச் சொல்லுங்கள். எச்டிடிபிஎஸ்ஸில் ஒப்பிட வேண்டாம், திகதி வெகுவாகப் பிழைத்தால் அந்தப் பக்கத்தின் சான்றிதழும் செல்லாது.

கடைசியாக 'அறிக்கையைப் பிரதி செய்' என்று ஒரு பொத்தான். செயலியின் பதிப்பு, கடைசி ஹேண்ட்ஷேக், போன பைட், வந்த பைட், எம்டியு, நேர விலகல், வீட்டு முகவரித் தொகுதி எல்லாம் பத்து வரிக்குள் அடங்கவேண்டும். தனிச்சாவி ஒருபோதும் அதில் வரக்கூடாது, ஏனென்றால் அந்த அறிக்கை போகப்போவதும் வட்ஸ்அப்பில்தான்.