ஏரியின் அடியில் சைக்கிள்

காற்றாலை பார்க்க வேண்டும் என்று நெதர்லாந்துக்கு வரும் நண்பர்கள் கேட்கும் இடம் கிண்டர்டைக், இல்லையென்றால் ஸான்ஸே ஸ்கான்ஸ். கிண்டர்டைக்கை நான் குறை சொல்ல மாட்டேன். 19 காற்றாலைகள் ஓரிடத்தில் நிற்பது பார்க்க வேண்டியதுதான். ஆனால் அவை அங்கே என்ன வேலை பார்த்தன என்பது எனக்கு உறைத்தது ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, ஏரியை வற்றவைத்து எடுத்த நிலங்களான பேம்ஸ்டரிலும் ஸ்கெர்மரிலும் சைக்கிள் மிதித்தபோதுதான். புர்மரெண்டில் ரயிலை விட்டு இறங்கி ஆல்க்மாரில் மறுபடி ரயிலேறுவது என் வழக்கம். 30 கிலோமீட்டர் சொச்சம் வரும்.

மேடே இல்லாத ஊரில் முதல் வேலையே ஏற்றம்தான், பேம்ஸ்டரைச் சுற்றி ஓடும் வளையக் கால்வாயின் கரைமேல். ஏறி நின்று பாருங்கள்: ஒரு பக்கம் தண்ணீர் மேலே கிடக்கிறது, மறுபக்கம் வயல் கீழே. கால்வாயில் போகிற படகு, கரைக்கு அந்தண்டை மேய்கிற மாட்டின் தலைக்கு மேலே போகிறது. கடல்மட்டத்துக்கு மூன்றரை மீட்டர் கீழே இறங்கித்தான் சவாரி.

பேம்ஸ்டர் முழுக்க ஏரியாக இருந்த இடம். 1607இல் அதை வற்றவைக்கும் வேலை தொடங்கி, கிட்டத்தட்ட வற்றிவிட்ட நேரத்தில், 1610இல் புயலில் கடலைத் தடுத்த கரை உடைந்து மொத்தமும் திரும்ப நிரம்பிவிட்டது. விடவில்லை. கரையை உயர்த்தி, 43 காற்றாலைகளை வைத்து இறைத்து, 1612இல் தரையைப் பார்த்துவிட்டார்கள். பணம் போட்டவர்கள் ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகள். அதில் முக்கியமான டிர்க் வான் ஓஸ், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதே கம்பெனி பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டியது 1613இல். நம் கரையோரத்தில் வியாபாரம் பண்ணியவர்களின் முதலீடு என்று நினைத்துக்கொண்டு மிதித்தால் இந்தப் புல்வெளி கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

சாலைகள் நூல் பிடித்த மாதிரி நேர். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கட்டம் போட்ட அமைப்புக்காகத்தான். அழகுதான், ஆனால் எதிர்காற்று அடித்தால் ஒதுங்க ஒரு வளைவு கிடைக்காது. அந்த 43இல் இன்று ஒன்றுகூட இல்லை. நீராவி பம்பு வந்து எல்லாவற்றையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கூம்புக் கூரை போட்ட பண்ணை வீடுகள்தான் துணை. வாசலில் ஆளில்லாத சின்னக் கடை, முட்டை, உருளைக்கிழங்கு, காசு போட ஒரு டப்பா. முட்டையை மட்டும் இங்கே வாங்காதீர்கள், அடுத்து வரும் டெ ரைப் ஊரின் தெருக்கள் செங்கல் பாவியவை.

டெ ரைப் ஹெர்ரிங் மீனிலும் திமிங்கில வேட்டையிலும் சம்பாதித்த ஊர். ஆலை கட்டுவதில் கெட்டிக்காரரான யான் அட்ரியான்சூன் லேக்வாட்டர் பிறந்தது இங்கேதான். பேம்ஸ்டர் வேலையில் அவருக்கும் பங்குண்டு. ஊர் நடுவில் அவர் வரைந்த 1630ஆம் வருஷத்து நகர மன்றம் இன்னும் நிற்கிறது. காபி அதன் எதிரில்.

அப்புறம் ஸ்கெர்மர். 1635இல் வற்றிய ஏரி. 52 ஆலைகளில் 11 மிச்சம். ஸ்கெர்மர்ஹார்னில் மூன்று வரிசையாக நிற்கின்றன, அந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஓர் ஆலையால் தண்ணீரை ஒரு மீட்டருக்குச் சற்று மேலேதான் தூக்க முடியும். கீழ் ஆலை இறைத்ததை நடு ஆலை வாங்கும், அது மேல் ஆலைக்குத் தள்ளும், கடைசியில் வளையக் கால்வாய். ஏற்றம் இறைக்கிறவர்கள் படிக்குப் படி நின்று கைமாற்றுவது போல.

ஒன்றை மியூசியமாக்கியிருக்கிறார்கள். உள்ளே ஏணி மாதிரி செங்குத்தான படி. மேலே, தலைப்பகுதியைக் காற்றுக்குத் தக்கபடி திருப்புகிற பெரிய மரச்சக்கரம். வெளியே நின்று திருப்பும் ஆலைகளும் உண்டு, இந்தப் பக்கத்து ஆலைகளில் அந்த வேலை உள்ளேயே. கீழே ஆலைக்காரர் குடும்பம் இருந்த அறை. சுவரில் அலமாரி என்று நினைத்துத் திறந்தால் படுக்கை! கால் நீட்டினால் இடிக்கும் அளவு. இரண்டடி தள்ளி, மரச்சுவருக்கு அப்பால், ராப்பகலாக யந்திரம் சுற்றியிருக்கும். எப்படித் தூங்கினார்களோ.

மேற்குக் காற்று பலமாக இருந்தால் ஆல்க்மாரில் தொடங்கிப் புர்மரெண்ட் பக்கம் வாருங்கள். திருப்பங்களில் சைக்கிள் வழிக்கான பச்சை எண் போட்ட பலகை இருக்கும். போக வேண்டிய எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், போன் தேவையில்லை. வழியில் எந்தக் காற்றாலையிலாவது நீலக் கொடி பறந்தால் தயங்காமல் உள்ளே போகலாம்.