முழங்கால் ஆழத் தண்ணீரில் பாஸ் மீன்: கேடோ ஏரிப் பயணம்

டாலஸிலிருந்து கிழக்கே கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் கேடோ ஏரி வந்துவிடும். இன்டர்ஸ்டேட் 20, அப்புறம் மார்ஷல் ஊர், அங்கிருந்து வடகிழக்கே கார்னாக். ஏரியின் ஒரு பக்கம் டெக்சாஸ், மறுபக்கம் லூசியானா. பரப்பு சுமார் 25,000 ஏக்கர் என்று கேட்டதும் திறந்த தண்ணீரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். டெக்சாஸ் பக்கம் பெரும்பாலும் சைப்ரஸ் காடு. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரங்கள், கிளைகளில் சாம்பல் நிறத்தில் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ், நடுவே ஒரு படகு மட்டும் நுழையக்கூடிய சந்துகள். ஏரியின் சராசரி ஆழமே எட்டு, பத்து அடிதான். நாங்கள் மீன் தேடிப் போன, முக்கிய ஓட்டத்திலிருந்து ஒதுங்கிய பேக்வாட்டர் பகுதிகளில் பல இடங்களில் முழங்கால் அளவுத் தண்ணீர்.

இப்படிப்பட்ட இடத்தில் தூண்டிலைவிட முக்கியமானது படகு. எந்தப் படகில் போகிறோம், எங்கே இறக்குகிறோம் என்பதை முடிவு செய்தாலே பாதி மீன்பிடிப்பு முடிந்தது என்பது என் எண்ணம். போட்டிகளில் பார்க்கும் இருபது அடி ஃபைபர்கிளாஸ் பாஸ் படகு, இருநூறு குதிரைத்திறன் மோட்டார் எல்லாம் இங்கே முக்கிய வாய்க்காலோடு நின்றுவிடும். அது சும்மா மிதக்கவே ஒரு அடிக்கு மேல் தண்ணீர் கேட்கும். வேகம் எடுக்கும்போது பின்பக்கம் அமுங்கி இன்னும் கேட்கும். என் மச்சான் வைத்திருப்பது பதினான்கு அடி அலுமினிய ஜான் போட். தட்டை அடி, சின்ன மோட்டார், கூடவே ஒரு நீளத் துடுப்பும் ஊன்றித் தள்ள ஒரு கழியும். சில அங்குலத் தண்ணீர் இருந்தால் போதும், நகர்ந்துவிடும்.

ஸ்டேட் பார்க்கில் தங்கினோம். 1930களில் சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற அரசு வேலைத் திட்டத்தின் இளைஞர்கள் கட்டிய கேபின்கள் இன்னும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பூங்காவின் கரையிலிருந்து தூண்டில் போட லைசென்ஸ் தேவையில்லை. படகில் ஏரிக்குள் போனால் கட்டாயம் வேண்டும். மாநில எல்லை ஏரிக்குள்ளேயே ஓடுவதால், கிழக்கே ரொம்ப தூரம் போவதாக இருந்தால் லூசியானா விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து பிக் சைப்ரஸ் பாயூ என்ற மெதுவாக ஓடும் நீரோடை வழியாக ஏரிக்குள் நுழைந்தோம். காட்டுக்குள் வெட்டி வைத்த நீர்ப்பாதைகளை இங்கே ‘போட் ரோடு’ என்கிறார்கள். நட்டு வைத்த கம்பங்களில் எண் பலகைகள் இருக்கும். மோட்டார் ஓடும் வரை இந்தப் பாதையை விட்டு விலகக் கூடாது. பத்தடி தள்ளினால் தண்ணீருக்கடியில் மரக்கட்டைகளும், முட்டி போலத் துருத்தி நிற்கும் சைப்ரஸ் வேர்களும் இருக்கின்றன. வேகமாக மோதினால் ஆள் தூக்கி எறியப்படலாம். மோட்டாரை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்வது சிறிய படகுகளுக்கு 2021 முதல் கூட்டாட்சி விதி. விதி இல்லாவிட்டாலும் இங்கே நான் மாட்டிக்கொள்வேன்.

இந்த ஏரி உருவான கதையும் மரக்கட்டைகளின் கதைதான். சிவப்பு ஆற்றில் நூறு மைலுக்கும் மேல் அடைத்துக் கிடந்த ‘கிரேட் ராஃப்ட்’ என்ற மரக்குவியல் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளியதில் இங்கே ஆழம் கூடியது. ஜெஃபர்சன் ஊர் வரை நீராவிப் படகுகள் போயின. 1873இல் ராணுவப் பொறியாளர்கள் நைட்ரோகிளிசரின் வைத்து அந்த அடைப்பைத் தகர்த்ததும் நீர்மட்டம் இறங்கி, ஜெஃபர்சனின் படகு வணிகமும் படுத்துவிட்டது. பிறகு 1914இல் லூசியானா பக்கம் அணை கட்டினார்கள். 1971இல் அதற்குப் பதில் புதிய அணை வந்தது. திறந்து மூட மதகு கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் காட்டுக்குள் ஏறும், வறண்டால் அப்படியே இறங்கும். போன மாதம் படகு நுழைந்த சந்து இந்த மாதம் நுழையும் என்று சொல்லவே முடியாது.

நாங்கள் போனது மார்ச்சில். தண்ணீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது லார்ஜ்மவுத் பாஸ் முட்டையிட ஆழமற்ற ஓரங்களுக்கு வரும். ஆண் மீன் வாலால் அடித்தட்டைச் சுத்தம் செய்து வட்டமாகக் கூடு அமைக்கும். முட்டை பொரித்த பிறகும் குஞ்சுகளைக் காத்து நிற்கும். அந்த மீனைத் தூக்கிவிட்டால் புளூகில் மீன்கள் நொடியில் கூட்டுக்குள் புகுந்துவிடும். அதனால் கூட்டில் நிற்கும் மீன் மேல் நான் தூண்டில் வீசுவதில்லை. கூட்டுக்கு வரும் வழியில், பாதையின் விளிம்பில், மரத்தடி நிழலில் நிற்பவையே போதும்.

“மாமா, மோட்டாரைத் தூக்கிடுங்க, இனிமே கழிதான்” என்றான் மச்சான். பாதையை விட்டுத் திரும்பியதும் கழியை ஊன்றி மெல்ல மெல்ல நகர்ந்தோம். மின்சார ட்ரோலிங் மோட்டார் இருந்தாலும் செடி நிறைந்த இடத்தில் அதன் விசிறியில் கொடி சுற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பிய்க்க வேண்டும், அந்தச் சத்தத்திலேயே மீன் போய்விடும். ஆழமில்லாத தண்ணீரில் படகின் தரையில் ஒரு பெட்டி இடிபட்டால்கூட மீனுக்குத் தெரியும்.

முள் முனையை ரப்பர் புழுவுக்குள் மறைத்துக் கோக்கும் டெக்சாஸ் ரிக்தான் இங்கே நம்பகமானது. வேர்களில் சிக்காமல் வரும். சைப்ரஸ் அடிமரத்தை ஒட்டிச் சத்தமில்லாமல் இறக்கி, தூண்டில் நரம்பைத் தளர்த்தி விட்டுக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் புழு கீழே இறங்கும்போதே மீன் கவ்விவிடுகிறது. நரம்பு பக்கவாட்டில் நகர்வதுதான் அடையாளம். செடிப் படலத்தின் மேல் ரப்பர் தவளையை இழுப்பதும் உண்டு. மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்த கணமே இழுத்துவிடாமல் மீனின் கனம் கையில் தெரியும் வரை பொறுக்க வேண்டும். அந்த ஒரு விநாடிப் பொறுமைக்காகவே நான் இவ்வளவு தூரம் வருவேன். மச்சானுக்குக் கிடைத்த பெரிய பாஸை அளந்து பார்த்துத் தண்ணீரிலேயே விட்டோம்.

மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. இங்கே ஜயன்ட் சால்வினியா என்ற மிதக்கும் செடி இருக்கிறது. பிரேசிலிலிருந்து வந்தது; ஒருகாலத்தில் கேரளத்து நீர்நிலைகளை மூடியதும் இதேதான். சாதகமான வெப்பத்தில் ஒரு வாரத்திலேயே இரு மடங்காகும். கேடோவில் 2006இல் கண்டுபிடித்தார்கள். இதையே தின்று வாழும் ஒரு கூன்வண்டை வளர்த்து ஏரியில் விடுகிறார்கள்; குளிர்காலம் கடுமையானால் வண்டுகளும் செத்துப்போவதால் வேலை திரும்பத் திரும்பத் தொடர்கிறது. காற்று இந்தச் செடியைத் தள்ளி வந்து நாங்கள் நுழைந்த சந்தை மூடியிருந்தது. துடுப்பால் விலக்க விலக்கப் பின்னால் மறுபடி மூடிக்கொண்டது. கழியை மாற்றி மாற்றி ஊன்றி வேறொரு வாயில் வழியாகப் போட் ரோட்டுக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. ஆழமில்லாத பகுதிக்குள் போகிறவர்கள் காற்று எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வெளியேற இரண்டாவது வழி தெரியாத சந்துக்குள் நுழையாதீர்கள்.

கரையேறியதும் டிரெய்லரின் இடுக்கு, மோட்டாரின் அடிப்பகுதி, கயிறு எல்லாவற்றையும் தடவிப் பார்த்து ஒட்டிய செடியை எடுத்தோம். படகுத் தண்ணீரை முழுக்க வடித்தோம். டெக்சாஸில் இது சட்டம். சால்வினியாவின் ஒரு துணுக்கு போதும், அடுத்த ஏரியும் மூடிவிடும்.

போக நினைப்பவர்களுக்கு பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை நல்ல காலம். சொந்தப் படகு இல்லையென்றால் கயாக் வாடகைக்கு எடுங்கள், குறிக்கப்பட்ட துடுப்புப் பாதைகள் இருக்கின்றன. முதலைகள் உண்டு, தள்ளியிருந்து பார்க்கலாம். மே மாதத்துக்கு மேல் செடிகள் எழும்பிவிட்டால் நாங்கள் போன சந்துகளில் பலவற்றுக்குள் கயாக்கைக்கூட நுழைக்க முடியாது.