கண்ணனின் தூண்களுக்கு ஒரு ஜப்பானியக் காகிதம்

சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் சாப்பாட்டு மேசையை மூன்று வாரமாக வெண்ணெய்த்தாழிக் கண்ணன் பிடித்துக்கொண்டிருக்கிறான். அக்கா மகள் பொங்கோலில் குடியேறும் புதுவீட்டுக்கு நான் செய்யும் தஞ்சாவூர் ஓவியம். முகமும் நகைகளும் எனக்குக் கைவந்தவை. மண்டபத்தின் இரண்டு தூண்களிடம்தான் எப்போதும் தோற்றுப்போவேன். புடைப்பு எழுப்ப, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பொடியும் கோந்தும் குழைத்த பசையைத் தூரிகையால் இழுத்தால், இடது தூணில் பூங்கொடி தடித்திருக்கும், வலது தூணில் மெலிந்திருக்கும். மேலே 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தகடு) ஒட்டியதும் அந்த வேறுபாடு கண்ணை உறுத்தும்.

முன்பு ஒருமுறை கோப்பு அட்டையில், துளை வழியே பசை இறங்கும்படி அச்சு வெட்டிப் பார்த்தேன். ஈரப் பசை பட்டதும் ஊறிச் சுருண்டது. இந்த முறை ஜப்பானிலிருந்து கதகாமி வரவழைத்தேன். கிமோனோத் துணிக்குச் சாயமிட அங்கே தலைமுறைகளாகப் புழங்கும் காகிதம். மரப்பட்டை நாரில் செய்த தாள்களைப் புளித்த பெர்சிமன் சாற்றால் ஒட்டிப் புகைபோட்டு எடுப்பார்கள். மியே மாநிலத்து ஷிரோகோ இதற்குப் பெயர்பெற்ற ஊர். உறையைப் பிரித்ததும் கருப்பட்டி நிறம், விறகடுப்பு வாசனை. எவ்வளவு நேரம் முகர்ந்துகொண்டிருந்தேனோ!

வெட்டுவதில்தான் நுட்பம் இருக்கிறது. பூவைச் சுற்றி முழுதாக வெட்டினால் நடுப்பகுதி உதிர்ந்துவிடும். ஆங்காங்கே மெல்லிய இணைப்புகளை விடவேண்டும். அம்மாவின் தகரக் கோல அச்சில் கோடுகளெல்லாம் ஏன் புள்ளி புள்ளியாக இருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது.

வெட்டிய தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றிப் பலகையில் வைத்தால் படிந்து உட்காருகிறது. தோசை மாவைவிடக் கெட்டியான பசை, தட்டையான கரண்டியால் ஒரே இழுப்பு. தாளை நேராக மேலே தூக்கவேண்டும். பிறகு கழுவி, அப்படியே திருப்பி வைத்தால் வலது தூண்! இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல நின்றதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன்.

அச்சில் எழும் புடைப்பு மேலே தட்டையாகத்தான் இருக்கும். ஈரத் தூரிகையால் விளிம்பை உருட்டினால்தான் ரேக்கு அழகாகப் படியும். இணைப்பு விட்ட இடங்களையும் அப்போதே பசையால் நிரப்பிவிடுகிறேன். கண்ணனின் மாலைக்கும் தோளில் அணியும் வங்கிக்கும் அச்சு வைக்க எனக்கு மனமில்லை. அவற்றில் கை நடுங்கிய தடம் இருந்தால் இருக்கட்டும்.

இந்த ஊர் ஈரக்காற்றில் பசை காய ஓர் இரவு போதவில்லை, இரண்டு இரவுகள் விட்டேன். கழுவிய கதகாமி இப்போது பழைய தமிழ் முரசுத் தாள்களுக்கிடையே காய்கிறது. சனிக்கிழமை ரேக்கு ஒட்டவேண்டும்.