பெயரடைகளை விட்டுப் பத்திரங்களைப் படியுங்கள்: அமெரிக்க இலக்கியத் தாள் அனுபவம்

முதுகலைத் தேர்வு முடிவு வந்து, அமெரிக்க இலக்கியத் தாளில் அஞ்சியதைவிட நல்ல மதிப்பெண் கிடைத்திருப்பதால், அமெரிக்க அடிமை முறையைப் பற்றிய ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில் பாத்திர வினாவை எழுதவிருப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தையும் 1852இல் நூல் வெளிவந்ததையும் எல்லோரும் எழுதுவார்கள். அவற்றுக்கு இரண்டு வரி போதும்.

வழிகாட்டி நூல்கள் டாமின் முதல் எஜமானர் ஷெல்பியை நல்லவர் என்றும், கடைசி எஜமானன் லெக்ரீயைக் கொடியவன் என்றும், அடிமையான டாமைப் பொறுமையின் வடிவம் என்றும் பிரித்துவிடுகின்றன. அப்பெயரடைகளை நம்பி எழுதினால் விடை இரண்டாம் பக்கத்திலேயே வற்றிவிடும். ஒவ்வொரு உறவிலும் 'இவர் நேசிக்கும் மனிதர் சட்டப்படி யாருடைய சொத்து?' என்று மட்டும் கேளுங்கள். எனக்கு மதிப்பெண் பெற்றுத் தந்தது இந்த ஒரு கேள்விதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

டாமை இடையில் வாங்கிய செயின்ட் கிளேரின் அத்தியாயங்களில் இது மிகத் தெளிவாகத் துலங்கும். அடிமைச் சிறுமி டாப்சியைத் தன் பெயருக்கு எழுதித் தரும்படி அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி ஒஃபீலியா கேட்கும்போது, செயின்ட் கிளேர் இறந்தாலோ நொடித்தாலோ சிறுமி ஏலத்துக்குப் போய்விடுவாள் என்று சொல்லி, அப்போதே பத்திரத்தை எழுதி வாங்கிக்கொள்கிறாள். மற்ற பணியாட்களுக்கு என்ன ஏற்பாடு என்ற அவளுடைய அடுத்த கேள்விக்கு அவர் பிறகு பார்க்கலாம் என்கிறார்; அதே அத்தியாயத்தில் கஃபே ஒன்றில் நடந்த சண்டையை விலக்கப் போய்க் கத்திக்குத்துக்கு ஆளாகி இறக்கிறார். டாமுக்கு விடுதலை அளிப்பதாக வாக்களித்திருந்தும் அது முடிவடையாததால், மனைவி மேரி அவனை ஏலத்துக்கு அனுப்புகிறாள். டாப்சியைத் தொடவும் கூசிய ஒஃபீலியா அவளைக் காப்பாற்றுகிறாள். எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர் ஒருவரையும் காப்பாற்றவில்லை. தேர்வில் நான் இதற்கே ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன்.

டாமை வெறும் அடங்கிப்போகிறவனாக எழுதாதீர்கள். ஷெல்பி வீட்டு அடிமைப் பெண் எலைசா தன் மகனுடன் ஓடும் இரவில் அவனிடமும் வெளியே போய்வரும் அனுமதிச் சீட்டு இருக்கிறது. தான் தப்பினால் ஷெல்பியின் கடனுக்காக மற்ற எல்லோரும் விற்கப்படுவார்கள் என்றே அவன் தங்குகிறான். இறுதியில் லெக்ரீயின் அடிமைப் பெண்களான கேஸியும் எம்மலினும் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்தும் லெக்ரீயிடம் சொல்ல மறுத்து உயிரை விடுகிறான். இரண்டையும் அருகருகே வைத்தால் விடைக்கு முதுகெலும்பு கிடைக்கும்.

மற்றவை சுருக்கமாக:

- திருமதி ஷெல்பி: எலைசாவின் மகனை விற்கமாட்டோம் என அளித்த உறுதியைக் கணவரின் கடன் செல்லாததாக்கிவிடுகிறது.
- செனட்டர் பேர்ட்: தப்பியோடுபவர்களுக்கு எதிரான சட்டத்தை ஆதரித்தவர், குழந்தையைப் பறிகொடுத்த தந்தை, எலைசாவுக்கு உதவுவதன் காரணம் பின்னதில் இருக்கிறது.
- கேஸி: பிள்ளைகள் விற்கப்பட்ட பின் பிறந்த சிசுவை அபின் மருந்து கொடுத்துக் கொன்றவள். இதைத் தவிர்த்துவிட்டு அவளுடைய சினத்தை விளக்க முடியாது.
- லெக்ரீ: தாயின் முடிக்கற்றை எழுப்பும் அச்சம். பரண்மேல் பேயாக நடித்துக் கேஸி தப்புவதற்கு அதுவே வழி.

கடைசிப் பகுதியின் தற்செயல் குடும்பச் சந்திப்புகள் எனக்குப் பிடிக்கவில்லை. நேரம் குறைவென்றால் அவற்றை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம்.