எட்டு ஏறும், ஒன்று இறங்கும்

மார்ச் 3
மறுபடியும் அதே பிரேக் யூனிட். வண்டியின் யூனிட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசும் ஒயர் ஜோடிதான் கேன் (CAN) லைன். நடுராத்திரி 2.40-க்கு அதிலிருந்து விலகி, கண் மூடித் திறப்பதற்குள் தானாகவே திரும்பி வந்திருக்கிறது. காலையில் நான் போனபோது எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 4
எதுவும் இல்லை.

மார்ச் 5
மின்சாரத்தை நிறுத்திவிட்டு லைனின் தடையை அளந்தேன். 60 ஓம். லைனின் இரண்டு முனையிலும் இணையாக 120 ஓம் தடை இருந்தால் வரவேண்டியது அதுதான். நேற்றும் 60. முந்தாநாளும் 60. அசையாமல் கிடக்கும்போது எந்த ஒயரும் நல்ல பிள்ளைதான்.

மார்ச் 8
தூக்கம் வரவில்லை. யூனிட்டுக்குள் பிழைகளை எண்ணும் அந்த கவுண்ட்டர்தான் மனதில் ஓடுகிறது. யூனிட் அனுப்பும் செய்தி பிழையானால் அதன் கணக்கில் 8 ஏறும். சரியாகப் போனால் 1 இறங்கும். 255-ஐத் தாண்டினால் அது லைனை விட்டு விலகிவிட வேண்டும். கெட்டுப்போன ஒன்று மற்றவற்றைப் பேசவிடாமல் செய்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதி, எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் இந்த யூனிட் 10 மில்லி செகண்டுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. ஒரு பிழை நடந்தால், அடுத்த 8 செய்திகள் நன்றாகப் போனதும், 80 மில்லி செகண்டுக்குள் கணக்கு மறுபடி 0. நாங்கள் கவுண்ட்டரை வாசிப்பதோ செகண்டுக்கு ஒரு முறை. இத்தனை நாளும் 0, 0, 0 என்று பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். இடையில் எத்தனை முறை ஏறி இறங்கியதோ.

மார்ச் 9
"மறுபடி வரவில்லைன்னு எழுதி முடிச்சிடுங்களேன்" என்றார் மேலாளர். கோபமாகப் பேசிவிட்டேன். பேசியிருக்கக் கூடாது. ஆனாலும் முடிக்க மாட்டேன். 32 பிழைகள் அடுத்தடுத்து வந்தால் போதும், யூனிட் விலகிவிடும். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் பிரேக்கில் கால் வைத்திருப்பார்.

மார்ச் 11
கவுண்ட்டரை வாசித்துப் பதியும் லாகரை மாற்றியாயிற்று, இனி கணக்கு ஏறிய உச்சத்தைப் பிடித்து வைக்கும். ஒயர் கட்டு முழுவதும் அதிர்வு மேடையில், மைனஸ் 40 டிகிரியில்.

மார்ச் 12
பிடிபட்டது. பிழையைக் கண்ட யூனிட் வரிசையாக ஆறு டாமினன்ட் பிட் (லைனில் 0) அனுப்பிக் கத்தும். அது வந்தால் அலையை நிறுத்திப் பிடிக்கும்படி, மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்திருந்தேன். 4 மணிக்குப் பிடித்தது. அலை சட்டென்று விழாமல் துள்ளித் துள்ளி அடங்குகிறது. பிட்டை வாசிக்கும் நேரம் வந்தும் அடங்கவில்லை. ஒரு முனையின் 120 ஓம் அந்தக் கணத்தில் லைனிலேயே இல்லை.

மார்ச் 13
கடைசி கனெக்டர். பின்னில் கடுகைவிடச் சிறிய கறுப்புத் தடம், உரசி உரசி வந்தது. லென்ஸில் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் அளந்தேன். 60.

மார்ச் 14
பின்னை மாற்றியாயிற்று. இரவு முழுக்க ஓட்டம். இதுவரை 0.

மார்ச் 15
அதிகாலை 3.15. பிரேக் யூனிட், உச்சம் 8.