பத்தாயிரத்தில் நாற்பது: நம்பர் பூட்டு நாட்குறிப்பு

டிசம்பர் 3, 2023

நம்பர் மறந்துபோய் யாரோ எடைக்குப் போட்ட பூட்டுகள் ஒரு பை நிறைய கோவை உக்கடத்தில் கிடைத்தன. அதில் ஒன்றை இன்று ரம்பம் போட்டுப் பிளந்தோம். நான் பிடித்துக்கொள்ள, மச்சினன் அறுத்தான்.

உள்ளே பெரிய மர்மம் எதுவும் இல்லை. நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை. நாம் திருப்புவது வெளியே இருக்கும் எண் வளையத்தை. அதற்குள் ஒரு குழல் பொருந்தியிருக்கிறது. குழலின் உட்பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் வெட்டு. பூட்டுக் கம்பியின் நீளமான கால் நான்கு குழல்களுக்குள்ளும் இறங்கி அடிவரை போகிறது. காலில் வரிசையாக நான்கு பற்கள். நான்கு வெட்டுகளும் பற்களுக்கு நேராக வந்தால் கம்பி மேலே வரும். ஒன்று விலகியிருந்தாலும் அந்தப் பல் குழலில் முட்டி நின்றுவிடும். அவ்வளவுதான்.

“இதுக்கா மாமா பத்தாயிரம் நம்பர்?” என்றான் மச்சினன். ஆமாம், 0000 முதல் 9999 வரை. ஒரு எண்ணுக்கு இரண்டு நொடி வைத்து ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம் ஆகும். மூன்று சக்கரப் பூட்டு என்றால் ஆயிரம்தான், அரைமணிக்குக் கொஞ்சம் மேல். டிவி பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம்.

டிசம்பர் 7

பத்தாயிரமும் போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை என்பதுதான் இந்த விளையாட்டின் ருசி.

கம்பியை வெளிப்பக்கமாக லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரங்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தால், நான்கும் ஒரே மாதிரி இறுகாது. ஏதோ ஒன்று மட்டும் அதிகமாக இறுகும், மற்றவை சும்மா சுற்றும். நான்கு பற்களும் நான்கு குழல்களும் மயிரிழைகூடப் பிசகாமல் ஒரே அளவில் இருந்தால் இழுப்பை நான்கும் சேர்ந்து தாங்கும். எந்தத் தொழிற்சாலையும் அப்படிச் செய்வதில்லை. ஒரு பல் துளி உயரமாக இருக்கும், முதலில் முட்டுவது அதுதான். அந்தச் சக்கரத்தை ஒவ்வொரு எண்ணாகத் திருப்பினால் ஓரிடத்தில் கம்பி இம்மி அளவு மேலே நகர்வது கைக்குத் தெரியும். அது அந்தச் சக்கரத்தின் எண். இப்போது இழுப்பு அடுத்த சக்கரத்துக்குப் போய்விடும். அதையும் அப்படியே.

கணக்கைப் பாருங்கள். நான்கு எண்களையும் ஒன்றாகக் கேட்டால் பத்தைப் பத்தால் நான்கு முறை பெருக்க வேண்டும்: 10,000. தனித்தனியாகக் கேட்க முடிந்தால் பத்தை நான்கு முறை கூட்டினால் போதும்: 40. பூட்டு தன் எண்ணைத் தவணை முறையில் சொல்லிவிடுகிறது.

இது புது வித்தை ஒன்றும் இல்லை. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது என்று பெயரெடுத்திருந்த சப் நிறுவனத்தின் பூட்டைத் திறந்தார். பிறகு பிராமா பூட்டு. லண்டன் பிக்காடிலித் தெருவில் கடை ஜன்னலில் 200 கினி (பழைய ஆங்கிலப் பணம்) பரிசு அறிவிப்போடு அறுபது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த பூட்டு அது. 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். இரண்டும் சாவிப் பூட்டுகள்தான், ஆனால் தத்துவம் இதேதான்: அழுத்தம் கொடு, எது முட்டுகிறது என்று பார், அதை நகர்த்து.

டிசம்பர் 10

“அப்படின்னா பல்லை எல்லாம் ஒரே அளவா கடைஞ்சுட்டா யாராலும் திறக்க முடியாதே?” இது மச்சினன் கேள்வி. நல்ல கேள்விதான். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் பிளந்த பூட்டை எடுத்துக்கொண்டு போனோம்.

அவர் குழலை வெர்னியரில் அளந்தார், கம்பியின் பல்லை அளந்தார், சிரித்தார். “தம்பி, ப்ளே இல்லாம செஞ்சா புதுசுல அழகா இருக்கும். ரெண்டு நாள் தூசி விழுந்தா உங்க சொந்த நம்பருக்கே திறக்காதுங்க” என்றார். வெயிலில் உலோகம் விரியும், மழையில் துரு ஏறும், மண் புகும். இவ்வளவையும் தாங்கித் திறக்க வேண்டுமென்றால் பல்லுக்கும் வெட்டுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் விட்டே ஆகவேண்டும். அந்த ஆட்டத்துக்குள்தான் நம் விரல் ஒட்டுக்கேட்கிறது. ஆட்டத்தைக் குறைக்கக் குறைக்கச் செலவு ஏறும் என்பதையும் அவர் சொன்னார். சாலையோரம் விற்கும் பூட்டுக்கு அந்த அளவு வேலை யார் செய்வார்கள்?

கடைசியில் டீ வாங்கிக் கொடுத்து, “இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?” என்று கேட்டார். ஜெர்மனியில் இதற்கென்றே 1997 முதல் சங்கம் இருக்கிறது என்று சொன்னேன். நம்பவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குள் இரண்டு விதிகள் உண்டு: பூட்டு உன்னுடையதாக இருக்க வேண்டும், அல்லது உடையவர் சம்மதம் வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பூட்டில் விளையாடக் கூடாது. இதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

டிசம்பர் 16

பையில் ஒரு கனமான பூட்டு இருந்தது. அதில் பாச்சா பலிக்கவில்லை. இறுகும் சக்கரத்தைத் திருப்பினால் ஓரிடத்தில் விழுகிறது, சந்தோஷப்படுவதற்குள் இன்னோரிடத்திலும் விழுகிறது. பொய் வெட்டுகள். உண்மையான வெட்டைப் போலவே தோன்றும், ஆனால் ஆழம் குறைந்த பள்ளங்களைக் குழலில் வேறு இடங்களிலும் போட்டு வைக்கிறார்கள். பல் அதில் பாதி இறங்கும், ஆனால் விடாது. உண்மையான வெட்டில் இருக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் அசையும் அளவு கொஞ்சம் வேறுபடும் என்கிறார்கள். என் விரலுக்கு அந்த வேறுபாடு இன்னும் பிடிபடவில்லை. மச்சினனுக்குத் தெரிகிறதாம்.

டிசம்பர் 21

பூட்டுகள் திருடனால் தோற்பதைவிடத் தேங்காயெண்ணெயால் தோற்பது அதிகம் என்று தோன்ற ஆரம்பித்திருக்கிறது. பையில் இருந்தவற்றில் பல எண் மறந்தவையே அல்ல. சக்கரம் திரும்பாமல் போனதால் தூக்கிப் போடப்பட்டவை. பிளந்தால் உள்ளே மண்ணும் எண்ணெயும் குழைந்த கறுப்புச் சேறு.

சிக்கிய பூட்டுக்குச் சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் விடுவது நம் எல்லார் வீட்டுப் பழக்கம். அன்றைக்குத் திறந்துவிடும். அப்புறம் அந்த எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காயெண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையக்கூடியது. மார்கழிக் காலையில் இங்கே அதைவிடக் குளிர். வெயில் ஏறிய பிறகு பூட்டு தானாகச் சரியாகிவிடும், வீட்டில் இருப்பவர்கள் நேரம் சரியில்லை என்பார்கள். கிராஃபைட் பொடி தூவுவதுதான் சரி. அது ஈரமில்லாததால் தூசி ஒட்டாது.

இன்னொரு பழுது, சக்கரம் ஒவ்வொரு எண்ணிலும் ‘டிக்’ என்று நிற்பதற்கான சிறு ஸ்பிரிங் தளர்ந்துபோவது. வெளியே எண் சரியாகத் தெரியும், உள்ளே வெட்டு அரை எண் தள்ளி நிற்கும். மற்ற மூன்றையும் சரியாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் பெரும்பாலும் திறந்துவிடும்.

டிசம்பர் 28

மாடி வீட்டு மாமா மூன்று எண் பூட்டு வைத்த சூட்கேஸோடு இறங்கி வந்தார். திருப்பதி போய்விட்டு வந்ததிலிருந்து திறக்கவில்லையாம். “நான் நம்பரை மாத்தவே இல்லப்பா, என் கல்யாண தேதி, மறக்குமா?” என்று சத்தியம் செய்தார். மாமி நம்பாத பார்வை பார்த்தார்.

மாமா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இந்தப் பெட்டிகளில் எண் மாற்றும் நெம்புகோல் சிலவற்றில் மூடியின் உட்பக்கம் இருக்கிறது. துணியைத் திணிக்கும்போது அது நகர்ந்துவிட்டால் எண் வளையம் குழலிலிருந்து விடுபட்டுவிடும். அந்த நிலையில் சக்கரத்தில் கைபட்டால் போதும், பெட்டிக்குப் புது எண் அமைந்துவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. கம்பியைத் திருப்பி அழுத்தி எண் மாற்றும் சாதாரணப் பூட்டுகளிலும் இதே வம்பு உண்டு.

டார்ச் அடித்து, சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் பார்த்தால் ஒவ்வொரு சக்கரத்தின் அச்சிலும் ஒரு பள்ளம் தெரியும். மூன்று பள்ளங்களையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்தக் கோடு எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மூன்று சக்கரங்களையும் சேர்த்து ஒவ்வொரு எண்ணாக நகர்த்தினால் அதிகபட்சம் பத்து நிலைகள். திறந்தது. உள்ளே லட்டு.

பெட்டியின் ஓரத்தில் சிவப்பு வைர முத்திரையோடு ஒரு சாவித் துளையும் இருந்தது. அமெரிக்க விமான நிலையச் சோதனைக்காரர்களுக்கான பொதுச்சாவித் துளை அது. அந்தப் பொதுச்சாவிகளின் படம் 2014இல் ஒரு அமெரிக்கச் செய்தித்தாளில் வந்தது. அடுத்த ஆண்டே அதைப் பார்த்து முப்பரிமாண அச்சில் சாவி செய்யும் வரைபடங்கள் இணையத்துக்கு வந்துவிட்டன. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. லட்டு நன்றாக இருந்தது.

ஜனவரி 6, 2024

டயல் பூட்டு ஒன்று, நண்பர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. அங்கே பள்ளி அலமாரிகளில் தொங்கும் மாஸ்டர் லாக் வகை. 0 முதல் 39 வரை எண்கள், உள்ளே மூன்று தட்டுகள். வலம், இடம், வலம் என்று சுற்ற வேண்டும். 40ஐ மூன்று முறை பெருக்கினால் 64,000. கேட்கப் பெரிதாக இருக்கிறது.

இங்கேயும் கதை அதேதான். மூன்றாவது தட்டு டயலோடு நேரடியாகச் சேர்ந்திருப்பதால், கம்பியை இழுத்துக்கொண்டு சுற்றினாலே அது எங்கெங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு இடங்களில் சிக்கும், அதில் பதினொன்று பொய் வெட்டுகள். சலித்து எடுத்தால் கடைசி எண் கையில். இந்த வகையில் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் நான்கால் வகுத்தால் ஒரே மீதி வரும், நடு எண்ணின் மீதி அதிலிருந்து இரண்டு தள்ளி வரும். ஆக முதல் எண்ணுக்குப் பத்து வாய்ப்பு, நடு எண்ணுக்குப் பத்து: நூறு. 2015இல் சாமி காம்கர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் அதை எட்டு முயற்சிக்குக் குறைத்துக் காட்டினார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் அணுகுண்டு ரகசியங்கள் வைத்த அலமாரிகளை இயற்பியலாளர் ஃபைன்மன் திறந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான். டயலில் 100 எண்கள், ஆனால் இரண்டு எண் முன்னே பின்னே இருந்தாலும் பூட்டு ஏற்றுக்கொண்டது. எனவே உண்மையில் 20. அலமாரி திறந்திருக்கும்போது சும்மா பேச்சுக்கு நின்றபடி டயலை உருட்டிக் கடைசி இரண்டு எண்களைத் தெரிந்துகொள்வார். மிச்சம் இருப்பது இருபது முயற்சி. லேத் அண்ணன் சொன்ன அதே ப்ளே, இங்கே அணுகுண்டுக் கோப்புகள்மீது.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். விடுதியிலிருந்து அத்தை மகன் வந்திருக்கிறான். பையில் நான்கு எண் பூட்டு. “கண்டுபிடி பாப்போம்” என்று நீட்டினான். திரும்பிக்கொள், திறந்து மறுபடி பூட்டு என்றேன். பூட்டிவிட்டு நான்கு சக்கரங்களையும் கட்டைவிரலால் ஒரே இழுப்பாக உருட்டிக் கொடுத்தான். பாதிப்பேர் இப்படித்தான் கலைக்கிறார்கள். 4729 வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தள்ளினால் 7052. சக்கரங்களுக்கு இடையிலான இடைவெளி அப்படியே இருக்கிறது. சேர்த்தே திரும்ப உருட்டினேன், கம்பி துள்ளி எழுந்தது. இழுத்துப் பார்க்கும் வேலைகூட இல்லை.

“சரி, இனி ஒவ்வொண்ணா கலைக்கறேன்” என்றான். கலைத்தாலும் இழுத்துப் பார்க்கும் வழி இருக்கவே இருக்கிறது என்று மச்சினன் அவனுக்குச் செய்து காட்டினான். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது, பூட்டு வாங்கிய காசு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திண்டுக்கல் வழியாகத்தான் விடுதிக்குத் திரும்பப் போகிறான். அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், அங்கே இறங்கிச் சாவி போட்ட பூட்டாக ஒன்று வாங்கிக்கொள் என்றேன். சாவியைத் தொலைத்துவிடுவானே என்று அத்தை கவலைப்படுகிறார். பழைய நம்பர் பூட்டை எங்கள் பைக்குக் கொடுத்துவிடச் சொன்னோம், தர மாட்டேன் என்கிறான்.