இஸ்திரி போட்ட துண்டும் தலையணைக்கடியில் மாத்திரையும்

வீட்டில் இருந்தவரை மாதவிடாய் வலி எனக்கு ஒரு பகல் பொழுதின் விவகாரமாகவே இருந்தது. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், முதல் நாள் காலையில் நான் சுருண்டு படுத்துவிட்டால், ஆச்சி எதுவும் கேட்காமலே உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார். அம்மா கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, பழைய சேலைத் துணியில் முடிந்து அடிவயிற்றில் ஒத்தடம் கொடுப்பார். பொழுது சாய்வதற்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அந்த ஒரு பகலுக்குள் எனக்காக இரண்டு பேர் எத்தனை முறை அடுப்படிக்கும் என் பாய்க்கும் நடந்தார்கள் என்பதை, 2016ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பி.காம். சேர்ந்து விடுதியில் தங்கிய பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

விடுதியில் என் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. எட்டு அறைகளுக்கு இரண்டு கழிப்பறைகள். காலை உணவு ஏழரை மணிக்கு. எனக்கு வலி தொடங்குவதோ பெரும்பாலும் விடியற்காலை நான்கு மணிக்கு. முதல் இரண்டு மாதங்கள் வீட்டில் சொன்னபடியே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். "மாத்திரை போட்டுப் பழகாத, பின்னால புள்ள பெறுறதுக்குச் சங்கடமாப் போயிரும்" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாவது மாதம் பொறுக்க முடியாமல், பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் ஒரு மாத்திரையை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கினேன். அரை மணி நேரத்தில் மாத்திரையும் வெளியே வந்தது, வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. அன்று வகுப்புக்குப் போகவில்லை. 75 விழுக்காடு வருகைப்பதிவு கட்டாயம் என்பதால், மாதம் ஒரு நாள் இப்படிப் போனால் பருவத்துக்கு ஐந்து நாள் போய்விடும் என்று கணக்குப் போட்டபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கேரளத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023இல் மாணவிகளுக்கு இதற்கென்றே வருகைப்பதிவில் 2 விழுக்காடு தளர்வு அளித்ததைப் படித்தபோது, அந்த ஐந்து நாள் கணக்குத்தான் நினைவுக்கு வந்தது.

எனக்கு வழி காட்டியவர் எதிர் அறையில் இருந்த, மருந்தியல் படித்துக்கொண்டிருந்த ஒரு தருமபுரி அக்கா. வலி எப்படி உண்டாகிறது என்பதை முதன்முதலாக அவர்தான் எனக்கு விளக்கினார். கருப்பையின் உட்சுவர் உதிரத் தொடங்கும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இறுகும் தசைக்குள் இரத்த ஓட்டம் குறைவதால் வலிக்கிறது. அதே பொருள் குடலையும் கிளறிவிடுவதால்தான் அன்றைக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் சேர்ந்து வருகின்றன. நாம் போடும் மெஃபெனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் சுரப்பதைத் தடுப்பவை. ஏற்கெனவே சுரந்துவிட்டதை அவை அழிப்பதில்லை. "வலி உச்சிக்கு ஏறுன பிறகு போட்டா, தண்ணி ஓடுன பிறகு மடை கட்டுற மாதிரி" என்றார். வயல்காட்டில் பிறந்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த வார இறுதியில் அவரே என்னைக் கல்லூரிக்கு அருகில் இருந்த ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். எனக்கு இரைப்பைப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு ஏதேனும் உண்டா என்று மருத்துவர் கேட்டார். இவை இருப்பவர்கள் இவ்வகை மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். 250 மில்லிகிராம் மெஃபெனமிக் அமிலமும், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையை, சாப்பிட்ட பிறகு, முதல் இரண்டு நாள்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை நான் கேட்காமலே சொன்னார். எல்லா அம்மாக்களும் ஒன்றையே சொல்லி அனுப்புகிறார்கள் போலும். (2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபெனமிக் அமிலத்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்று எச்சரித்தது. அதனால் காய்ச்சலுடன் தோலில் தடிப்பு கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.)

இனி எஞ்சியிருந்தது நான்கு மணிக்குச் சாப்பாடு. ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் பொரிகடலையும் கருப்பட்டித் துண்டும் போட்டு, மாத்திரை அட்டையையும் அதிலேயே வைத்து, தேதி நெருங்கும் நாள்களில் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். தேதியை நாள்காட்டியில் வட்டமிடுவதோடு நிற்காமல், ஒரு நாற்பது பக்க நோட்டில் வலி எப்போது தொடங்கியது, எங்கே வலித்தது, எத்தனை மாத்திரை போட்டேன் என்று ஓரிரு வரிகள் எழுதத் தொடங்கினேன். மாத்திரையைச் சிக்கனமாகப் போடுவதற்காகத்தான் அந்த நோட்டை ஆரம்பித்தேன். ஆறு வருடம் கழித்து ஒரு மருத்துவர் அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார் என்று அப்போது தெரியாது.

ஒத்தடத்துக்குத்தான் வெகுநாள் திண்டாட்டம். விடுதியில் மின்கெட்டிலுக்கு அனுமதி இல்லை. பிடிபட்டால் ஐந்நூறு ரூபாய் அபராதம். வெந்நீருக்கு மூன்று மாடி இறங்கிச் சமையற்கூடத்துக்குப் போக வேண்டும், அதுவும் ஆறு மணிக்கு மேல்தான் கிடைக்கும். ஒருமுறை எவர்சில்வர் பாட்டிலில் கொதிக்கும் நீரைப் பிடித்து அப்படியே வயிற்றில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தபோது தொப்புளுக்குக் கீழே கொப்புளம். அது ஆறிய தழும்பு இன்னும் இருக்கிறது. அதன் பிறகுதான் மாடியிலேயே இருந்த இஸ்திரி அறை என் கண்ணில் பட்டது. தடிமனான பூந்துண்டை நான்காக மடித்து, மேசையில் விரித்து, இஸ்திரிப் பெட்டியைப் பருத்திச் சூட்டில் வைத்து இரு புறமும் மெதுவாக அழுத்தித் தேய்க்க வேண்டும். நூலுக்குள் சூடு இறங்கியவுடன் துண்டை இன்னொரு முறை மடித்தால் சூடு உள்ளேயே அடைபடும். புறங்கையில் வைத்துப் பார்த்து, சுடாமல் இதமாக இருந்தால், உடையின் மேல் அடிவயிற்றில் கட்டிக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். அந்தச் சூட்டிலேயே மாத்திரை வேலை செய்யத் தொடங்கிவிடும். ஈரத் துண்டைத் தேய்த்தால் சூடு அதிக நேரம் நிற்கும் என்று ஒருத்தி சொன்னாள். நீராவி கையைச் சுட்டதுதான் மிச்சம்.

2019இல் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து, வேளச்சேரியில் ஒரு மகளிர் விடுதியில் தங்கினேன். டப்பாவும் துண்டும் என்னோடு வந்தன. அலுவலகத்தில் மேலாளரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், மாதந்தோறும் "வயிறு சரியில்லை" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம் அவர் உண்மையான அக்கறையோடு, "வெளியில் சாப்பிடுவதை நிறுத்தும்மா, நல்ல மெஸ் ஒன்று சொல்கிறேன்" என்றார். சிரிப்பும் வெட்கமுமாக அன்றுதான் "மாதவிடாய் வலி சார்" என்று சொன்னேன். அவர் ஒரு நொடி மேசையைப் பார்த்தார். பிறகு அந்த ஒரு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான் நடந்தது. பீகார் அரசு 1992 முதலே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு தந்துவருகிறது. நானோ ஒரு சொல்லைச் சொல்ல ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன்.

பயணம்தான் கடைசிவரை எனக்கு வசப்படவில்லை. ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் மேல் படுக்கை கிடைத்திருந்தது. தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்ததால் டப்பாவைப் பெரிய பைக்குள் வைத்து, பையைக் கீழ் இருக்கைக்கு அடியில் தள்ளியிருந்தேன். விழுப்புரம் தாண்டும்போது வலி வந்தது. ஏணியில் இறங்கிப் பையைத் துழாவவே கால் மணி நேரம் ஆனது. கீழ்ப் படுக்கையில் இருந்த கடையநல்லூர்ப் பெரியம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் எதையும் விசாரிக்காமல் காலை மடக்கி இடம் விட்டார். திண்டுக்கல் வரை அந்த அரைப் படுக்கையில் குந்தியபடியே வந்தேன். மாத்திரை இரண்டு, ஒரு நாப்கின், ஒரு பிஸ்கட் பொட்டலம் ஆகியவை அன்றிலிருந்து எப்போதும் என் தோள்பையில்தான் இருக்கின்றன, தேதி எதுவாக இருந்தாலும்.

2021 கடைசியில் நோட்டில் எழுதும் வரிகள் நீளத் தொடங்கின. முன்பெல்லாம் உதிரப்போக்கு தொடங்கும்போது வந்து மறுநாள் தணிந்த வலி, இப்போது இரண்டு நாள் முன்னதாகவே வந்து, நின்ற பிறகும் தொடர்ந்தது. மலம் கழிக்கும்போது இடது பக்கம் உள்ளுக்குள் கொக்கி போட்டு இழுத்தது. மாத்திரை பாதிதான் கேட்டது. முதலில் பார்த்த மருத்துவர், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றார். அதை எங்கள் ஆச்சியிடமே காசு கொடுக்காமல் கேட்டிருப்பேன். இரண்டாவதாக, ஓர் அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் சீட்டு வாங்கிக் காத்திருந்தேன். அங்கிருந்த மருத்துவர்தான் நோட்டை வாங்கிப் பார்த்தார். நான்கைந்து பக்கங்கள் புரட்டிவிட்டு, தேதிகளின் மேல் பேனாவை ஓட்டி, "இங்கேதான் மாறியிருக்கிறது" என்று 2021 அக்டோபரைக் காட்டினார்.

திருமணமாகாதவள் என்பதால் வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்தக் காத்திருப்பு மாதவிடாய் வலிக்குச் சற்றும் குறைந்ததல்ல. இடது சூலகத்தில் 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருந்தது. பழைய இரத்தம் கெட்டியாகிப் பழுப்பு நிறத்தில் தேங்கியிருப்பதால் அதைச் சாக்லேட் கட்டி என்பார்களாம். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் அடையாளம் அது. உலகில் கருவுறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கட்டி இல்லாத நிலையில் ஸ்கேனில் எதுவும் தெரியாமலும் போகலாம் என்றும், அதனால் ஸ்கேன் சரியாக இருக்கிறது என்ற ஒன்றை வைத்து வலியைத் தள்ளிவிடக்கூடாது என்றும் மருத்துவர் சொன்னார். நோயின் பெயரைக் கேட்டபோது கலக்கத்தைவிட ஆறுதலே அதிகமாக இருந்தது.

டயனோஜெஸ்ட் என்ற 2 மில்லிகிராம் ஹார்மோன் மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் போடச் சொன்னார். முதல் மூன்று மாதம் எந்த நாளில் எவ்வளவு உதிரம் படும் என்று சொல்ல முடியாதபடி விட்டுவிட்டுப் பட்டது. தோள்பை நாப்கின்கள் அப்போது கைகொடுத்தன. நான்காம் மாதம் உதிரப்போக்கு நின்றது. இதைக் கேட்டு அம்மா பதறிப்போனார். அடுத்த முறை மருத்துவரையே தொலைபேசியில் பேச வைத்தேன். மாத்திரையை நிறுத்தினால் மாதவிடாய் திரும்பிவிடும் என்று அவர் விளக்கிய பிறகு, அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான் எடப்பக்கம் இழுக்கும்" என்றார். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன் ஒரு நாளும் அவர் அதைச் சொன்னதில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி 2.2 சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கைபேசி ஒலித்தால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் என் மாத்திரை நேரம் தெரியும். ஊரிலிருந்து யார் வந்தாலும் அம்மா இரண்டு கிலோ உளுந்தங்களி மாவு கொடுத்து அனுப்புகிறார். இப்போதைய விடுதியில் மின்னடுப்புக்கு அனுமதி உண்டு என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கிண்டுகிறேன். ஆச்சியின் பதம் இன்னும் வரவில்லை, கட்டி தட்டிவிடுகிறது.